குட்டைக் கோதுமைக்குக் காவல்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் என் ஓரகத்திக்குப் பூட்டு என்று பெயர். வைத்தது நானில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது. கதவைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பாள். வீட்டிலும் அதே கதைதான். நான் கேஸ் அடுப்பை அணைத்தால் போதாது, அவள் வந்து குமிழைத் திருகிப் பார்த்தால்தான் அடுப்பு அணைந்ததாக அர்த்தம். கல்யாண ஆல்பத்தைக்கூட அவ்வப்போது எடுத்து, மாப்பிள்ளை அதே ஆள்தானா என்று சரிபார்க்கிறாள் என்று அவள் புருஷனே கிண்டல் செய்வார்.

அண்ணனை அவள் கட்டிக்கொண்டாள், தம்பியை நான். ஒரே வீட்டில் கீழே அவள் குடும்பம், மேலே நாங்கள். வீட்டில் நான் மாடியில் இருந்தாலும் வேலையில் அவள்தான் மேலே. அவள் முதுநிலை ஆய்வாளர், நான் வெறும் ஆய்வாளர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அலுவலகத்தில் மற்றவர்களோடு சேர்ந்து பூட்டு என்றும் சொல்லியிருக்கிறேன். அதை மறைப்பானேன்.

அக்காவின் பெருமை ஒரு குட்டைக் கோதுமை. கோதுமைத் தண்டு நீள்வதற்கு ஜிப்ரலின் என்றொரு ஹார்மோன் வேண்டும். அது அதிகமானால் செடி ஒட்டடைக்கம்பு மாதிரி வளர்ந்து, கதிர் கனத்ததும் ஒரு காற்று மழைக்குத் தரையில் படுத்துவிடும். படுத்த பயிரை அறுக்கிற விவசாயியின் வாயில் அப்போது என்னென்ன வரும் என்பதை இங்கே எழுத முடியாது. அந்த ஹார்மோனை உருமாற்றி ஒன்றுக்கும் ஆகாததாக்கிவிடும் நொதி ஒன்றும் செடிக்குள்ளேயே இருக்கிறது. நொதியை உண்டாக்கும் மரபணுவில், எப்போது எவ்வளவு என்று முடிவு செய்கிற இடத்தில், அக்கா ஒரு சின்னத் திருத்தம் செய்தாள். நொதி கூடும், ஹார்மோன் குறையும், செடி குட்டையாக உறுதியாக நிற்கும். கணக்கு அவ்வளவுதான். அதற்குத்தான் வருடக்கணக்கில் உயிரைக் கொடுத்து உழைத்தாள்.

செடியும் அவள் சொன்னபடி கேட்டது. அவள் பசுமைக்குடிலில் திருத்திய கோதுமை குள்ளமாக, தண்டு தடித்து, வரிசையாக நின்றது. பக்கத்து மேசையில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சாதாரணக் கோதுமை அதைவிட அரைப்பங்கு உயரம் கூடுதல். இலையை அரைத்துச் சோதித்தால் குட்டைச் செடியில் நொதி அதிகம், ஹார்மோன் குறைவு. எல்லாம் அச்சில் வார்த்ததுபோல இருந்தது. எனக்கு அந்தக் கச்சிதத்தின் மேலேயே ஒரு கண். பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ரகத்தையும் வெளியே விடுவதற்கு முன்னால், வேறொரு இடத்தில் வேறொரு ஆள் வளர்த்துப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் நிலையத்தின் விதி. நகரத்தின் மறுகோடியில் இருந்த கிளைக் குடில் என் பொறுப்பில் இருந்ததால், இயக்குநர் விதையை என்னிடம் கொடுக்கச் சொன்னார். அக்கா உறையை ஒட்டினாள், ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள், கையெழுத்தின் மேல் செலோடேப் ஒட்டினாள். என்னிடம் கொடுக்கும்போது உறையின் மறுமுனையை உடனே விடவில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

என் குடிலில் தண்ணீர் சொட்டுக்குழாயில் தானாக வரும், உரமும் அதிலேயே கரைந்து வரும். செடியைத் தடவிக் கொஞ்சுகிற ரகம் இல்லை நான். வாரத்துக்கு ஒருமுறை போய், தொட்டிக்குப் பின்னால் நட்டுவைத்த அளவுகோலைத் தள்ளி நின்றே படித்துக் குறித்துக்கொண்டு வந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் அதைச் சோம்பேறித்தனம் என்பார். நான் நிர்வாகம் என்பேன்.

அங்கே அக்காவின் குட்டைக் கோதுமை மளமளவென்று வளர்ந்தது. முதலில் ஏதோ ஒன்றிரண்டு செடி துள்ளுகிறது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் மொத்த வரிசையும் சாதாரணக் கோதுமையோடு தோளோடு தோள் நிற்கிறது. இலையைக் கிள்ளி மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன். அக்கா செய்த திருத்தம் அப்படியே இருந்தது. விதை அவளுடையதுதான். ஆனால் நொதி கொஞ்சம்தான், ஹார்மோன் நிறைய.

விஷயத்தை அலுவலகத்தில் வைத்துச் சொல்வது மரியாதை இல்லை என்று, வீட்டில், அவள் சமையலறையில் வைத்துச் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்ன அடிச்ச?"

"என்னக்கா கேக்கறீங்க?"

"செடி மேல என்ன அடிச்சன்னு கேக்கறேன். ஜிப்ரலின் பவுடர் பழத்தோட்டக் கடையில பொட்டலம் பொட்டலமா கெடைக்குது. தண்ணியில கலந்து தெளிச்சா எந்தக் குட்டையும் வளரும்."

"எனக்கு வேற வேலை இல்லையா? உங்க செடிய வளத்துவிட்டு எனக்கு என்ன ஆகப்போகுது?"

"அதத்தான் நானும் யோசிக்கறேன்" என்று கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

மாடிப்படி ஏறும்போதே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் திருடி, இவள் யோக்கியமா? கட்டிலில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க எனக்கும் ஒன்று உறைத்தது. வளர்க்கிற பவுடர் கடையில் கிடைக்கிறதென்றால், குட்டையாக்குகிற மருந்தும் கிடைக்கத்தானே செய்கிறது? அழகுச்செடி விற்கிறவர்கள் தொட்டிச் செடி அடக்கமாக நிற்க அதைத்தானே வேரில் ஊற்றுகிறார்கள்? அந்த மருந்து ஹார்மோனை உருவாகவே விடாது. திருத்திய செடிக்கு மட்டும் கொஞ்சம் ஊற்றினால் போதும். சாதாரணச் செடி வளரும், அவளுடையது நிற்கும். இத்தனை நாள் உறுத்திய கச்சிதத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டதாக நினைத்தேன். எனக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்தது.

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கீழே இறங்கினேன். தோட்ட மருந்தெல்லாம் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில்தான் வைப்பாள். குனிந்து ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தபோது பின்னால் சோப்பு வாசனை வந்தது.

"என்ன தேடற?"

"சர்க்கரைக்கா. எங்க வீட்ல தீந்துபோச்சு."

"சர்க்கரைய பினாயிலுக்குப் பக்கத்துல வைக்கற பழக்கம் எனக்கு இல்ல" என்றாள் ஈரத்தலையோடு. எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு கிண்ணம் சர்க்கரை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினாள். அன்று மதியமே இயக்குநரிடம் என் மேல் புகார் போய்விட்டது.

இயக்குநர் எதைச் சொன்னாலும் 'பார்க்கலாம்' என்கிறவர். அன்று பார்க்கலாம் என்று சொல்லவில்லை. வேண்டுமென்றே ஹார்மோன் தெளித்து நிலையத்தின் ஆய்வைக் கெடுத்ததாகப் புகார் என்றார். வெளியிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்து விசாரிக்கப்போவதாகவும், நிரூபணமானால் வேலை போகும் என்றும் சொன்னார். வேலை போனால்கூடப் பரவாயில்லை, அப்படி ஒரு பெயரோடு போனால் வேறு எந்த ஆய்வகமும் என்னை வாசலில்கூட நிற்க விடாது. ஏழெட்டு வருடம் படித்தது, அதற்குமேல் வேலை பார்த்தது எல்லாம் போய், செடிக்கு மருந்தடித்தவள் என்பதுதான் என் அடையாளமாக மிஞ்சும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தார்.

"நீ ஒண்ணும் அடிக்கலயே?" என்றார்.

"நீங்களுமா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மாவா கேட்டீங்க? சும்மா கேக்கற கேள்வியா இது?"

அவர் அதற்குப் பிறகு எவ்வளவோ சமாதானம் சொன்னார். எனக்குக் காதில் ஏறவில்லை. இந்த வீட்டில் சந்தேகம் அண்ணன் பெண்டாட்டியோடு நிற்கும் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் காலை என் குடிலுக்குப் போகாமல் நேராக அக்காவின் குடிலுக்குப் பின்னால் போனேன். அங்கே காலித் தொட்டிகளை அடுக்கிவைக்கிற கொட்டகை ஒன்று இருக்கிறது. அதன் ஜன்னலும் குடிலின் கண்ணாடியும் எதிரெதிரே. ஊற்றுகிற கையைப் பிடிப்பது என்று முடிவோடு, செல்போனில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு, கவிழ்த்த தொட்டி மேல் உட்கார்ந்தேன். கொசு பிடுங்கியது. கூடப் படித்தவர்கள் எங்கெங்கோ மேடையேறிப் பேசிக்கொண்டிருக்க, நான் தொட்டிமேல் உட்கார்ந்து ஓரகத்தியை வேவு பார்க்கிறேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

அக்கா வந்தாள். கதவைத் திறந்து, உள்ளே போய், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, இழுத்துப் பார்த்தாள். கையில் பாட்டில் இல்லை, வாளி இல்லை, கைப்பைகூட இல்லை. முதல் தொட்டிக்குப் போனாள். செடியின் இலைகளை ஒவ்வொன்றாக இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அடியிலிருந்து நுனிவரை வழித்தாள். வழித்த விரலைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தாள். பிறகு தண்டை அடியில் பிடித்து மெல்ல ஆட்டினாள், மேல்நோக்கி லேசாக இழுத்தாள். பிடுங்கி வேறு நட்டிருந்தால் ஆடும் அல்லவா, அதற்கு. அப்புறம் அடுத்த தொட்டி. அதற்கும் அதே வழிப்பு, அதே ஆட்டு, அதே இழுப்பு. ஒரு இலையைக்கூட விடவில்லை.

வரிசை முடிந்ததும் மறுகோடியிலிருந்து உள்ளங்கையால் எல்லாச் செடியின் தலையையும் தடவிக்கொண்டே திரும்பி வந்தாள். சாதாரணக் கோதுமை இருந்த மேசைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை யார் வந்து என்ன செய்யப்போகிறார்கள்? வீடு கிளம்பும் முன் மறுபடி வந்து இதையே முழுக்கச் செய்தாள். அடுத்த நாளும் நான் போனேன், அடுத்த நாளும் அவள் செய்தாள். மருந்து மட்டும் வரவே இல்லை.

இரண்டாம் நாள் மாலை, அவள் ஒரு தண்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு மண்டையில் அடித்தது. செல்போனை மடியில் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். காற்று ஓயாமல் அடிக்கிற இடத்தில் செடி குட்டையாக, தடிமனாக நிற்கும். நடைபாதையோரம் போகிற வருகிறவர்கள் உரசும் செடியும் அப்படித்தான். அசைகிற செடி, விழுந்துவிடுவோம் என்று உயரத்தைக் குறைத்துக்கொள்கிறது. எப்படிக் குறைக்கிறது? தொட்டால் விழித்துக்கொள்கிற மரபணு ஒன்று இருக்கிறது. அது உண்டாக்குவது அக்காவின் நொதியேதான். ஹார்மோனைச் செயலிழக்கச் செய்கிற அதே நொதி. தொடத் தொட நொதி கூடும், ஹார்மோன் குறையும், செடி நிற்கும். பரிசோதனைக் கூடத்தில் எத்தனை தடவை அரைத்துப் பார்த்தாலும் அவள் எதிர்பார்த்த அளவுதான் வரும்.

அப்படியென்றால் அவள் திருத்தம் வேலை செய்யவே இல்லை. குட்டையாக்கியது அவள் கை.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்புவாளா? நானாக இருந்தால் நம்பமாட்டேன். தப்பிக்கக் கதை கட்டுகிறேன் என்பாள். அதனால் இயக்குநரிடம் போனேன். விசாரணையைச் சில வாரம் தள்ளிப்போடுங்கள், ஒரு பரிசோதனை செய்து காட்டுகிறேன் என்றேன். அவர் அக்காவைக் கூப்பிட்டார். என்னைப் பார்க்காமல் நாற்காலியின் நுனியில் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு வரிசை திருத்தின விதை, ரெண்டு வரிசை சாதா விதை" என்றேன். "ரெண்டுலயும் ஒவ்வொரு வரிசைய நீங்க தெனமும் தொட்டுப் பாக்கணும், இப்ப செய்யற மாதிரியே. இன்னொரு வரிசைய யாரும் தொடக்கூடாது. அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும், சாவி சார்கிட்ட இருக்கட்டும்."

"நான் தொட்டுப் பாக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

மாட்டிக்கொண்டேன். "பாத்தேன்" என்றேன்.

"பாத்தியா, வேவு பாத்தியா?"

"வேவுதான்கா பாத்தேன். நீங்க குட்டை மருந்து ஊத்தறீங்கன்னு நெனச்சு."

இயக்குநர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டினார். அக்காவின் முகம் சிவந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, "தொடறது நான் மட்டும்தான். இவ உள்ளயே வரக்கூடாது" என்றாள். தொட்டால் சாதாரணக் கோதுமை குட்டையாகும் என்று அவள் துளிகூட நம்பவில்லை. இதோடு என் கதை முடிந்தது என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டாள்.

அந்த வாரங்கள் எனக்கு நரகம். படியில் எதிரே வந்தால் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு கடந்தோம். அண்ணனும் தம்பியும் வாசலில் நின்று ஏதோ குசுகுசுவென்று பேசுவார்கள், என்னைக் கண்டதும் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்கள். எனக்கு ஒரே பயம், அக்கா ஒழுங்காகத் தொடுகிறாளா? சாதாரணச் செடியைத் தொட்டதாகப் பேருக்கு விரலை வைத்துவிட்டு வந்தால் நான் செத்தேன். அங்கே போகக்கூடாது என்று நானே ஒப்புக்கொண்டுவிட்டேன், போய்ப் பார்க்கவும் வழியில்லை. ஒரு கட்டத்தில், இயக்குநரிடமிருந்து சாவியை வாங்கி, திருத்திய இரண்டு வரிசைக்கும் அவள் குட்டை மருந்து ஊற்றிவிட்டாள் என்றே எனக்குள் முடிவாகிவிட்டது. வக்கீலைப் பார்க்கலாமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர், "செடி வளந்ததும் பாத்துக்கலாம்" என்றார்.

திறந்து பார்க்கிற நாளன்று இயக்குநர் முன்னால் போனார், பின்னால் நாங்கள். தொட்ட பக்கத்தில் திருத்திய கோதுமையும் சாதாரணக் கோதுமையும் ஒரே அளவு குள்ளமாக நின்றன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டும் ஒரே அளவு நெட்டையாக நின்றன. அளவுகோல் தேவைப்படவில்லை, வாசலில் நின்றே தெரிந்தது.

எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. இவள் இப்போது என்ன சொல்லித் தப்பிக்கப்போகிறாள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கண்ணாடிக் கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே போனாள். நெட்டையாக நின்ற திருத்திய செடிகளிலிருந்து தன் கையாலேயே இலை கிள்ளினாள். தன் கையாலேயே அரைத்து, இயந்திரத்தில் வைத்து, முடிவு வரும்வரை அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பிடக்கூடப் போகவில்லை. திருத்தம் இருந்தது. தொட்ட சாதாரணக் கோதுமையையும் சோதித்தாள். திருத்தம் இல்லை, நொதி மட்டும் எக்கச்சக்கம். முடிவை இயக்குநரின் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வேலை முடிந்து கிளம்பும்போது அவள் அறைக் கதவு திறந்தே கிடந்ததை நான் பார்த்தேன்.

புகார் எழுத்தில் கொடுக்கப்பட்டதால் விசாரணை நடந்தே ஆகவேண்டும். வெளியூர்ப் பேராசிரியர் வந்தார். நீளமான மேசை, ஒரு பக்கம் அவரும் இயக்குநரும், எதிர்ப்பக்கம் இரண்டு ஓரத்தில் நாங்கள் இரண்டு பேர். நான் மருந்து அடிக்கவில்லை என்பது ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாக அக்கா சொன்னாள். என் வேலை தப்பியது. சொல்லிக்காட்ட நான் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் தொண்டையில் இருந்தது, அதற்கான இடத்துக்காகக் காத்திருந்தேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல மேடம். வாரத்துக்கு ஒரு தடவ அளந்தா போதும்னுதான் உங்க நடைமுறை. நீங்க எதுக்கு தெனமும் ஒவ்வொரு இலையா தொட்டீங்க?"

இயக்குநர் முந்திக்கொண்டார். "மேடம் ரொம்ப கவனமானவங்க சார். கூடுதலா அளந்திருப்பாங்க. அப்படித்தானே மேடம்?"

நல்ல வழி போட்டுக் கொடுத்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏமாந்தாள் என்று போகுமே தவிர, அவள் மரியாதைக்கு ஒன்றும் வராது. அவள் அதில்தான் போவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். நானும் நாக்கைத் தீட்டிக்கொண்டேன்.

"இல்ல சார். அளக்கறதுக்கு இல்ல" என்றாள் அக்கா.

"பின்ன?"

"யாராவது மருந்து அடிக்கறாங்களான்னு பாக்கறதுக்கு." மேசையில் வைத்த கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மொதல் தடவை வெதச்சப்போ குட்டையாவே வரல சார். சாதாச் செடி மாதிரிதான் வளந்துச்சு. அத நான் யார்கிட்டயும் சொல்லல. அந்த மாசம்தான் இவ வேலைக்குச் சேந்தா. குடில் சாவி ஒண்ணு இவகிட்டயும் இருந்துச்சு. இவதான் பொறாமைல எதையோ தெளிச்சுட்டான்னு நெனச்சேன். கெட்டுப்போன செடின்னு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன், கணக்குல சேக்கல. சாவிய திருப்பி வாங்கிட்டேன். ரெண்டாவது தடவை தெனமும் ஒவ்வொரு செடியா தொட்டுத் தொட்டுக் காவல் காத்தேன். குட்டையா வந்துச்சு. காவல் இருந்ததும் சரியா வந்துடுச்சே, அப்ப நான் நெனச்சது நெஜம்தான்னு..."

கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

முதல் மாதம். அலுவலக விதி மாறிவிட்டது என்று சொல்லிச் சாவியைக் கேட்டாள், நான் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அன்றிலிருந்து இன்றுவரை, ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும், நான் கெடுத்திருக்கிறேனா என்று இலை இலையாகத் தடவிப் பார்த்திருக்கிறாள். இடையில் எனக்குக் கர்ப்பம் கலைந்து பத்து நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். லீவு போட்டுவிட்டு, குடிலுக்குப் போய்வந்த நேரம் தவிர என் பக்கத்திலேயே உட்கார்ந்து, தலை வாரிவிட்டு, ஊட்டிவிட்டவள் இவள்தான். தன் உழைப்பைக் கெடுத்தவள் என்று நம்பிக்கொண்டே ஊட்டிவிட்டிருக்கிறாள். அதை அன்பு என்று எடுத்துக்கொள்வதா, வேறு என்ன என்று எடுத்துக்கொள்வது? எனக்குத் தெரியவில்லை.

முதல் விதைப்பை மறைத்தது சின்ன விஷயம் இல்லை என்று பேராசிரியருக்கும் தெரியும், இயக்குநருக்கும் தெரியும். அவள் இனிமேல் ஒரு ஆய்வுக்குத் தலைமை ஏற்க முடியாது. யாரும் கேட்காமல் தானாக அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருக்கிறாள். இயக்குநர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சரி மேடம், கூடுதல் கவனம் காரணமாகன்னு எழுதிக்கலாம்" என்றார் தணிந்த குரலில்.

"அப்படி எழுதாதீங்க சார்" என்றாள் அக்கா. "கவனம்னு எழுதினா அடுத்து வர்றவங்களும் இதே மாதிரி கவனமா இருப்பாங்க. சந்தேகப்பட்டுத் தொட்டேன்னு எழுதுங்க. யார் மேலன்னும் எழுதுங்க. அவ எதுவும் பண்ணலன்னும் எழுதுங்க."

பேராசிரியர் தலையாட்டினார். இயக்குநர் எழுதினார். நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று என்னைக் கேட்டார்கள். தயாரித்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. இல்லை என்றேன்.

எழுந்து, மேசையின் அந்த ஓரத்துக்குப் போய், அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இவள் இப்போது எதற்கு இங்கே வருகிறாள் என்கிற பார்வைதான் அது, அந்த நேரத்திலும். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஆனாலும் நான் எழுந்து போகவில்லை.